கச்சானும் வாடையும்: துறைமுகக் கரையில் மடிக்கணினியின் ஆயுள்

மடிக்கணினி ஒன்று எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை கூற முடியாதிருப்பதற்குக் காரணம், அது ஒரே பொருளாக மூப்படைவதில்லை என்பதே. ஓர் உறைக்குள் பூட்டப்பட்டிருக்கும் பல உறுப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் வேகத்தில் தேய்கின்றன. கணிப்புகளைச் செய்யும் சிலிக்கன் சில்லான செயலி, உரிய வெப்ப வரம்புக்குள் இயங்கினால் பத்தாண்டுகளைக் கடந்தும் பழுதின்றி இருக்கும். அதற்கு மின்னூட்டும் மின்கலமோ மூன்றாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடலாம். இரண்டையும் இணைக்கும் சில சதத்துச் செருகி அதற்கும் முன்னரே ஆட்டங்காணலாம். விலை மிகுந்த உறுப்பே நெடுநாள் உழைப்பதும், மலிவான இணைப்புகளே முதலில் விட்டுக்கொடுப்பதும் இந்தக் கருவியின் பொது இயல்பாக இருப்பதால், ‘கணினி முடிந்துவிட்டது’ என்று ஒதுக்கப்படும் பல சந்தர்ப்பங்களில் உண்மையில் முடிந்திருப்பது அதன் மிகச் சிறிய பகுதி மட்டுமே. அமெரிக்காவின் ஸ்குவெயார்ட்ரேட் என்ற உத்தரவாத நிறுவனம் 2009 இல் 30,000 க்கு மேற்பட்ட மடிக்கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து, மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 31 சதவீதமானவை ஏதேனும் ஒரு வகையில் பழுதடைந்தன என்றும், அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு உள்ளுறுப்புக் கோளாறாலும் மீதி கீழே விழுதல், நீர் சிந்துதல் போன்ற விபத்துகளாலும் ஏற்பட்டவை என்றும் கணித்தது. அந்தக் கணிப்பு வேறொரு நாட்டின் காலநிலைக்கும் மின்வழங்கலுக்கும் உரியது. திருகோணமலை போன்ற ஒரு கரையில் எந்த உறுப்பு முதலில் தேயும் என்பதைத் தீர்மானிப்பவை அங்கு வீசும் காற்றும் அங்கு வரும் மின்சாரமும் ஆகும்.

திருகோணமலை நகரம், ஒருபுறம் திறந்த வங்கக் கடலின் குடாக்களும் மறுபுறம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான உட்துறைமுகமும் சூழ்ந்த ஒடுங்கிய நிலத்தில் அமைந்துள்ளது. ஆண்டின் நடுப்பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமடைந்து, கச்சான் என்ற பெயரில் வறண்ட நிலக்காற்றாகக் கிழக்குக் கரையை அடைகிறது. ஆண்டின் இறுதி மாதங்களிலோ காற்று திசைமாறி, வடகிழக்கிலிருந்து கடலைத் தடவியபடி வாடையாக வந்து மாரி மழையைக் கொண்டுவருகிறது. முன்னது வெப்பத்தையும் தூசியையும் சுமந்து வருவது. பின்னது ஈரத்தையும் உப்பையும் சுமந்து வருவது. இப்பகுதியில் ஒரு மடிக்கணினிக்கு நேரும் தேய்மானங்களுள் பெரும்பாலானவற்றை இவ்விரு காற்றுகளின் கணக்கில் பிரித்தெழுதிவிடலாம்.

கச்சானின் கணக்கு மின்கலத்தில் தொடங்குகிறது. இன்றைய மடிக்கணினிகள் யாவற்றிலும் இருப்பது, 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த இலிதியம் அயன் மின்கலம். இதற்கு அடித்தளமிட்ட ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யொஷினோ ஆகிய மூவரும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பெற்றனர். அதன் ஒரு முனை காரீயத்தால் (கிரபைட்டால்) ஆனது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்படும் அதே கனிமம்தான் அது. மறுமுனை உலோக ஒட்சைட்டால் ஆனது. இவற்றுக்கு இடையே, மின்பகுபொருள் எனப்படும் சேதனத் திரவத்தின் ஊடாக, மின்னேற்றம் பெற்ற இலிதிய அணுக்களான அயன்கள் போய்வருவதே மின்கலத்தின் இயக்கம். மின்னேற்றும்போது அவை காரீயத்தின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன, பயன்படுத்தும்போது வெளியேறுகின்றன. ஆனால் காரீயத்தைத் தொடும் மின்பகுபொருள் சிறிது சிறிதாகச் சிதைந்து அதன் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. முதல் மின்னேற்றத்திலேயே தோன்றும் இப்படலம் மின்பகுபொருள் மேலும் சிதைவதைத் தடுப்பதால் இன்றியமையாதது. எனினும் அது வளர்வதை ஒருபோதும் முற்றாக நிறுத்துவதில்லை என்பதாலும், வளரும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு இலிதியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திவிடுகிறது என்பதாலும், போய்வருவதற்கு எஞ்சியுள்ள அயன்கள் நாளடைவில் குறைந்துகொண்டே போகின்றன. ‘சார்ஜ் நிற்குதில்லை’ என்று திருத்தும் கடைகளில் முன்வைக்கப்படும் முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தச் சிறைப்பட்ட இலிதியமே.

இத்தகைய இரசாயனத் தாக்கங்கள் பலவற்றின் வேகம், வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயரும்போது இரு மடங்காகிறது. சுவீடனின் அறிஞர் சுவாந்தே அரீனியஸ் 1889 இல் முன்வைத்த தொடர்பிலிருந்து பெறப்படும் இந்தத் தோராய விதி, கச்சான் வீசும் மாதங்களில் துறைமுகக் கரையில் முழு வலுவுடன் செயற்படுகிறது. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் மடிக்கணினி இயங்குவதற்கான சூழல் வெப்பநிலையின் மேல்வரம்பாகக் குறிப்பிடுவது 35 பாகை. குளிரூட்டப்படாத ஓட்டு வீட்டின் பிற்பகல் அறையில் அந்த வரம்பு எளிதில் எட்டப்படுகிறது. கணினிக்குள், செயலிக்கு அருகே படுத்திருக்கும் மின்கலம் அறையைவிட மேலும் சில பாகை சூடாகவே இருக்கும். வெப்பத்துடன் முழு மின்னேற்றமும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. மின்கலப் பொறியியலில் அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடுகளின்படி, 40 சதவீத மின்னேற்றத்துடன் 25 பாகையில் ஓராண்டு வைக்கப்பட்ட மின்கலம் தன் கொள்திறனில் 4 சதவீதம் அளவையே இழக்கிறது. அதே மின்கலத்தை முழுமையாக மின்னேற்றி 40 பாகையில் ஓராண்டு வைத்தால் இழப்பு 35 சதவீதத்தை அண்மிக்கிறது. ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படாமலே நிகழும் இழப்பு இது என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே, கணினியைக் காக்கும் நோக்குடன் நாள் முழுவதும் சார்ஜரைச் செருகியே வைத்து 100 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம், இக்கரையின் வெப்பத்தில் மின்கலத்தை விரைந்து முதுமையாக்குகிறது. மின்னேற்றத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் தெரிவை லெனோவோ, டெல், ஆசுஸ் போன்ற நிறுவனங்கள் தம் கணினிகளில் வழங்கியிருந்தும், பயனர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. செலவில்லாத இந்த ஒரு மாற்றம் பிற எந்தப் பராமரிப்பையும்விட அதிகப் பயன் தரும்.

சிதைவு எல்லை கடக்கும்போது மின்பகுபொருளிலிருந்து வாயு வெளிப்பட்டு, மென்மையான உறைக்குள் அடைபட்டு, மின்கலம் உப்பத் தொடங்குகிறது. இதன் முதல் அடையாளம் பெரும்பாலும் மின்கலத்தில் தெரிவதில்லை: விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுதளத்தை அழுத்தினால் அது சொடுக்காமல் இறுகி நிற்கும், பின்னர் மேசைமேல் வைத்த கணினி ஒரு மூலையில் ஆடும், அதன் பின்னரே அடிமூடியின் பொருத்து வாய்விடும். அந்த நிலையிலுள்ள மின்கலத்தை அழுத்தவோ துளையிடவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. உள்ளே முனைகளைப் பிரிக்கும் மெல்லிய தாள் கிழிந்தால் அது தீப்பற்றக்கூடும்.

பயன்பாட்டினால் வரும் தேய்மானம் வேறொரு கணக்கு. மொத்தக் கொள்திறனின் அளவுக்கு மின்சாரம் வெளியேறி மீண்டும் நிரப்பப்படுவது ஒரு சுழற்சி எனப்படும். சாதாரண மடிக்கணினி மின்கலங்கள் 300 முதல் 500 சுழற்சிகள் வரையும், சில உயர்தர மின்கலங்கள் 1,000 சுழற்சிகள் வரையும் தம் கொள்திறனின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்கின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அதுவரை மேசையில் செருகியபடியே கிடந்த கணினிகள் அம்மாதங்களில் நாள்தோறும் ஒரு முறை, சில நாட்களில் இரு முறை முற்றாக வடிந்து நிரம்பின. இரண்டு மூன்று ஆண்டுகளில் செலவாக வேண்டிய சுழற்சிகள் அவ்விதம் விரைந்து கரைந்தன. மின்சாரம் மீளும் கணமும் ஆபத்தானது. மடிக்கணினியின் சார்ஜர் 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், 230 வோல்ற்று என்ற இலங்கை வழங்கலில் வரும் சாதாரண ஏற்ற இறக்கங்களை அது தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் மீளும்போதோ, பருவமாற்ற மாதங்களின் பிற்பகல் இடிமின்னலின்போதோ தோன்றும் கணநேர மின்னழுத்த எழுச்சி, சார்ஜரின் கொள்ளளவிகளையும் சில வேளைகளில் தாய்ப்பலகையின் மின்னேற்றச் சுற்றையும் கொண்டுபோய்விடுகிறது. எழுச்சியை உறிஞ்சும் பாதுகாப்புப் பலகைகளில் உள்ள மாறுதடை என்ற உறுப்பும் ஒவ்வொரு எழுச்சியிலும் சிறிது தேய்வதால், பல ஆண்டுகள் பழைய பாதுகாப்புப் பலகை வெறும் நீட்சிக் கம்பியாக மாறியிருக்கக்கூடும்.

கச்சான் கொண்டுவரும் தூசி விசிறியில் சேர்கிறது. செயலியின் வெப்பம் செப்புக் குழாய் வழியாக மெல்லிய தகடுகளுக்குக் கடத்தப்பட்டு, விசிறியின் காற்றால் வெளியே தள்ளப்படுகிறது. அத்தகடுகளின் உட்புற வாயில் தூசியும் தும்பும் நாளடைவில் கம்பளித் துண்டுபோல் திரண்டு நிற்பதை அடிமூடியைத் திறந்தால் மட்டுமே காண முடியும். வெளித்துவாரங்களின் வழியே பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தோன்றும். செயலிக்கும் செப்புக்கும் இடையே பூசப்படும் வெப்பக்கடத்திப் பசை சில ஆண்டுகளில் உலர்ந்து விலகுவதும் இதே காலத்தில் நிகழ்கிறது. செயலி தன் வெப்பநிலை 100 பாகையை அண்மிக்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ‘பழசாகி மெதுவாகிவிட்டது’ என்று கருதப்படும் கணினிகளுள் பல, உண்மையில் மூச்சடைத்து நிற்பவை. அவற்றுக்கு வேண்டியது ஒரு தூரிகையும் புதிய பசையும்தான்.

வெப்பம் எந்த உள்நாட்டு நகரத்துக்கும் பொதுவானது. வாடை சுமந்துவரும் உப்போ கரைக்கே உரியது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. பெரிய துளிகள் கரையோரத்தின் முதல் சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிட, நீர் ஆவியாகிய சிறு துகள்கள் காற்றோடு உள்நாட்டுக்குச் செல்கின்றன. அலையே இதன் ஊற்றாகையால், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி போன்ற திறந்த கடற்கரைகளுக்கும், குன்றுகளால் மறைக்கப்பட்டு அலையடங்கிய உட்துறைமுகத்தின் கரைக்கும் இடையே உப்புப் படிவில் வேறுபாடு இருக்கும். கடலிலிருந்து வெகுதூரத்தில் குளத்தின் ஈரம் மட்டுமே உள்ள கந்தளாயில் இச்சிக்கல் ஏறத்தாழ இல்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில் வாங்கிய இரு கணினிகள் வெவ்வேறு ஆயுள் கொள்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உலர்ந்த உப்பு தாய்ப்பலகையில் படிவதால் மட்டும் தீங்கில்லை. அது நீரை உறிஞ்சும்போதே அரிப்பு தொடங்குகிறது. காற்றிலுள்ள நீராவியின் அளவு, அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய உச்ச அளவில் எத்தனை சதவீதம் என்பதைச் சாரீரப்பதன் என்பர். தூய சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 75 சதவீதச் சாரீரப்பதனில் காற்றின் நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடுகிறது. மாரி காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீதம் அளவிலேயே ஈரமாகத் தொடங்குகிறது. கரையோரக் காற்று அந்த அளவுக்கு உலர்வது அரிதாகையால், கடலுப்புப் படிந்த பலகை ஆண்டின் பெரும்பகுதியில் ஓரளவு ஈரமாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த உப்பு நீர்ப் படலம் மின்கடத்தி. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளியில், வெவ்வேறு மின்னழுத்தத்தில் உள்ள இரு உலோக முனைகளை அது நனைக்கும்போது, நேர்முனையின் உலோகம் அயனாகக் கரைந்து, படலத்தின் ஊடாக நகர்ந்து, எதிர்முனையில் மீண்டும் உலோகமாகப் படிந்து, கிளைவிட்ட வேர்போல் எதிர்ப்பக்கம் நோக்கி வளர்கிறது. மின்வேதி இடப்பெயர்ச்சி எனப்படும் இந்நிகழ்வில், அவ்வேர் நேர்முனையைத் தொடும் கணத்தில் குறுக்குச்சுற்று உண்டாகிறது. முதல்நாள் வரை இயங்கிய கணினி காரணமின்றி மறுநாள் எழும்ப மறுப்பது பல வேளைகளில் இவ்வாறே.

அத்தகைய பலகையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மின்கலச் செருகியின் ஊசிகளைச் சுற்றிப் பச்சைநிறத் தூளும், பற்றாசு இணைப்புகளின் மேல் வெண்ணிறப் பூப்பும், திருகாணித் தலைகளில் செந்துருவும் தனித்தனியே தெரியும்: பச்சை செம்பின் குளோரைட்டு, வெண்மை வெள்ளீயத்தின் சேர்வை, சிவப்பு இரும்பின் துரு. நினைவகப் பலகையின் தொடுமுனைகளுக்குப் பூசப்படும் பொன் அரிபடுவதில்லை. ஆனால் அப்பூச்சு மிக மெல்லியதாகவும் நுண்துளைகள் கொண்டதாகவும் இருப்பதால், அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அத்துளைகளின் வழியே அரிக்கப்பட்டு மேலே கசிகின்றன. நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகியதும் கணினி உயிர்பெறுவது இதனாலேயே. அரிப்பு சுற்றுப்பாதையை அறுக்காத வரையில், ஐசோபுரோப்பைல் மதுசாரமும் மென்தூரிகையும் கொண்டு பலகையை முழுவதும் கழுவி உலர்த்தினால் பல கணினிகள் மேலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வெளியே தெரியும் பச்சையை மட்டும் சுரண்டிவிட்டு உப்பை அங்கேயே விட்டுவிடும் திருத்தமோ அடுத்த மாரி வரைதான் தாங்கும்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு பெறப்படுகிறது: கரையோரத்தில் மூடிவைக்கப்பட்ட கணினி, நாள்தோறும் இயங்கும் கணினியைவிட விரைவாக அரிபடக்கூடும். 28 பாகையில் 80 சதவீதச் சாரீரப்பதன் கொண்ட காற்று, இயங்கும் கணினிக்குள் 40 பாகைக்குச் சூடாகும்போது, அதில் உள்ள நீரின் அளவு மாறாதிருக்கவே, சாரீரப்பதன் ஏறத்தாழ 41 சதவீதமாக இறங்கிவிடுகிறது. அதாவது கணினியின் சொந்த வெப்பமே அதன் பலகையைப் பெருமளவு உலர்த்துகிறது. அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கணினிக்கு இந்த வாய்ப்பு இல்லை. இதற்கு நேர்மாறான ஆபத்து குளிரூட்டிய அறைகளில் உள்ளது: 22 பாகையில் இருந்த கணினியை, 30 பாகையும் 80 சதவீத ஈரமும் கொண்ட வெளிக்காற்றுக்கு எடுத்துவந்தால், அக்காற்று ஏறத்தாழ 26 பாகையிலேயே பனிநீராக ஒடுங்கத் தொடங்குமாதலால், கணினியின் உலோக உறுப்புகளில் நீர்த்துளிகள் அரும்புகின்றன. வங்கியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வெளியே வந்ததும் கணினியைத் திறக்காமல், பைக்குள்ளேயே வைத்து அது வெளி வெப்பநிலையை அடையும் வரை காத்திருப்பது நல்லது.

சூடும் குளிரும் மாறிமாறி வருவதால் இன்னொரு தேய்மானமும் உண்டு. சில்லும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அவற்றைப் பிணைக்கும் பற்றாசுக் குமிழ்கள் நாளடைவில் விரிசல் காண்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளால் 2006 ஜூலை முதல் ஈயமற்ற பற்றாசு பரவலான பின்னர் பொறியியலாளர்கள் இதில் பெரிதும் கவனம் செலுத்த வேண்டியதாயிற்று. சில்லின் பொதியில் பயன்பட்ட பொருட்களின் குறையால் மடிக்கணினிகளின் வரைகலைச் சில்லுகள் பெருமளவில் பழுதடைந்தபோது, என்விடியா நிறுவனம் அதன் செலவுக்கென 2008 ஜூலையில் 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

அசையும் உறுப்புகளைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. திரையைத் தாங்கும் கீல் உலோகத்தால் ஆனது. அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுக்குழிகளோ பிளாஸ்டிக்கில் புதைக்கப்பட்டவை. கீல் இறுகும்போது முறிவது கீல் அல்ல, அந்தப் பிளாஸ்டிக்கே. ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் தூக்கும் பழக்கம் அதை விரைவுபடுத்துகிறது. சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டு, இயங்கும்போது ஏற்படும் ஒரே அதிர்ச்சியில் போய்விடக்கூடியது. அதன் இடத்தைப் பிடித்துள்ள திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பகுதி எதுவும் இல்லை. அதன் நுண்ணறைகள் எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் தேய்வது உண்மையே எனினும், 500 ஜிகாபைற்று அளவுள்ள ஒன்றுக்கு வழக்கமாக உறுதியளிக்கப்படும் 300 ரெறாபைற்று எழுத்தளவை, நாளொன்றுக்கு 20 ஜிகாபைற்று வீதம் எழுதினாலும் தீர்க்க 41 ஆண்டுகள் செல்லும். பழைய கணினி ஒன்றில் வன்தட்டை நீக்கி இதைப் பொருத்துவதும் குறைந்த செலவில் ஆயுளை நீட்டும் மாற்றமே.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்தபோது, 600 டொலர் மதிப்புள்ள கணினி ஒன்றின் விலை வரிகளைச் சேர்க்காமலே 1,20,000 ரூபாயிலிருந்து 2,16,000 ரூபாயாக உயர்ந்தது. புதிது வாங்குவதா திருத்துவதா என்ற கேள்விக்கு அதன் பின்னர் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் இருந்தது. மீள்பாவனைக்குச் சீராக்கப்பட்ட பழைய கணினிகளை நாடியவர்களும் பலர். அத்தகைய கணினிகளை, எந்த உறுப்பும் தேயாமலே ஒரு முடிவு எதிர்கொண்டது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, இன்ரெல் செயலிகளில் பெரும்பாலும் 2017 இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது. நல்ல மின்கலமும் சுத்தமான பலகையும் உள்ள ஆறாம் தலைமுறைக் கணினி ஒன்று பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காததால் மட்டுமே கைவிடப்படுவது ஏற்கத்தக்கதன்று. லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவினால் அது மாணவர் ஒருவருக்கு இன்னும் பல ஆண்டுகள் போதுமானதாக இருக்கும்.

உடலால் உழைக்கக்கூடிய கணினியை வடிவமைப்பே கைவிடச் செய்யும் வழி மற்றொன்று உண்டு. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டும், நினைவகமும் சேமிப்பகமும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டும் வரும் மெல்லிய கணினிகளில், ஒன்று தேய்ந்தால் அனைத்தையும் மாற்ற வேண்டியதாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி, கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2027 பெப்ரவரி முதல் விதிக்கிறது. அதற்கேற்ப மாறும் வடிவமைப்புகள் ஏனைய சந்தைகளையும் எட்டக்கூடும். அதுவரை, கடலோரத்தில் பாவிப்பதற்கென ஒரு கணினியைத் தெரிவுசெய்பவர் செயலியின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னர், அடிமூடி சாதாரணத் திருகாணிகளால் பூட்டப்பட்டுள்ளதா, மின்கலம் தனியே கழலுமா, சேமிப்பகம் செருகியில் உள்ளதா என்பவற்றை விசாரிப்பது தகும். சேமிப்பகம் செருகியில் இருந்தால், உப்பு பலகையை முற்றாகத் தின்றுவிட்ட பின்னரும் அதை எடுத்து வேறொரு கணினியில் பொருத்தித் தரவுகளை மீட்கலாம்; பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்தவை மட்டுமே மிஞ்சும்.